உடல் இளைக்க சர்க்கரை மருந்தா? குடும்பத்தோடு படிக்க ஒரு பாடம்



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவி நிதியிலிருந்து சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் பெறும் குடும்பங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லி இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதம் பெற்ற பிறகே எழுதுகிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கணவரை இழந்த சகோதரி ஒருவர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வந்து ஒரு மாதத்துக்கான மாத்திரைகளை வாங்கிச் செல்வார். சென்ற ஆண்டு இரண்டு மாதம் தொடர்ந்து, பத்து நாள் முன்னதாகவே வந்து "தீர்ந்து போச்சு" என்றார். எங்கள் தொண்டர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். மூன்றாம் மாதம் ஒரு நாள் ஃபஜ்ருக்கு ஒளு செய்யப் போன அவருடைய மகள் குளியலறை வாசலிலேயே விழுந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. பேச்சு குழறியது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை 42 இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

மருத்துவர் பலமுறை கேட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. நிகாஹ் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு மாமி, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "சர்க்கரை மாத்திரை போட்டா உடம்பு இளைக்கும்" என்று தோழி ஒருத்தி சொன்னதைக் கேட்டு, அந்தப் பிள்ளை உம்மாவின் மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை, சாப்பிடாத வயிற்றில் போட்டு வந்திருக்கிறது. மாத்திரை எண்ணிக்கை குறைவதைப் பார்த்த உம்மா, தாம்தான் கூடுதலாகப் போட்டுவிட்டோமோ என்று பயந்து, தமக்குரிய வேளையைத் தவறவிட்டிருக்கிறார். மகளுக்குச் சர்க்கரை இறங்கியது, தாய்க்கு ஏறியது. அல்ஹம்துலில்லாஹ், இருவரும் இப்போது நலம்.

"ஏன் முன்னதாகவே தீர்ந்தது?" என்று நாங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. அந்தக் குறை எங்களுடையது. அதை ஒப்புக்கொண்டு, இதே தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

1. எல்லா சர்க்கரை மருந்தும் ஒன்றா?

சர்க்கரை நோய்க்குத் தரும் மருந்துகள் பல வகை. ஒவ்வொன்றும் உடம்பில் வெவ்வேறு வழியில் வேலை செய்கிறது. நம் வீடுகளில் அதிகம் காணப்படும் நான்கு வகைகளை மட்டும் பார்ப்போம்.

முதல் வகை, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரைகள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை இந்த வகை. இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும் இவை இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதனால்தான் சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இவை எடையைக் குறைப்பதில்லை. பலருக்கு எடையைச் சற்று கூட்டவே செய்கின்றன. அந்தப் பிள்ளை போட்டுக்கொண்டது இந்த மருந்தும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. நம் ஊர்களில் மிக அதிகமாக எழுதிக் கொடுக்கப்படுவது இந்தக் கூட்டு மாத்திரைதான்.

இரண்டாம் வகை மெட்ஃபார்மின். 1957 முதல் மனிதர்களுக்குப் பயன்பட்டு வரும் பழைய, நம்பகமான மருந்து. இதைப் போடுகிறவர்களில் சிலருக்கு இரண்டு மூன்று கிலோ குறையலாம், அவ்வளவுதான். இதை எடை குறைக்கும் மருந்து என்று சொல்ல முடியாது. வயிற்றுப் போக்கு, குமட்டல் வரும். ஆண்டுக்கணக்கில் போடும்போது வைட்டமின் பி12 குறையலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு ஆபத்து. பிசிஓடி தொந்தரவுக்காக மகப்பேறு மருத்துவர்கள் இளம் பெண்களுக்கும் இதை எழுதித் தருவதுண்டு. அப்படி மருத்துவர் எழுதித் தந்திருந்தால் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாம் வகை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்பவை. இதய பலவீனம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இவை மிகவும் நன்மை தருகின்றன. எடையும் இரண்டு மூன்று கிலோ குறையும். ஆனால் மர்ம உறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு, உடலில் நீர் வற்றுதல் ஆகியவை வரலாம். உணவை அறவே குறைத்துக்கொண்டு இதைப் போட்டால், இரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே கீட்டோன் என்ற அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்து வரக்கூடும். சர்க்கரை அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டார் ஏமாந்துவிடுவார்கள்.

நான்காம் வகைதான் இன்று எல்லோரும் பேசும் ஊசி. அதைத் தனியாகப் பார்ப்போம்.

2. இந்த ஊசி எப்படி வேலை செய்கிறது?

நாம் சாப்பிட்டவுடன் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. "உணவு வந்துவிட்டது" என்று கணையத்துக்கும், "போதும்" என்று மூளைக்கும் அது செய்தி அனுப்புகிறது. இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. அல்லாஹ் நம் உடலுக்குள் வைத்திருக்கும் இந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். சிதையாமல் ஒரு வாரம் வரை நிற்கும்படி அதே போன்ற ஒன்றைத் தயாரித்தார்கள். அதுவே செமாகுளுடைடு. டிர்செபடைடு என்ற மற்றொரு மருந்து, இதோடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

செமாகுளுடைடை ஓசெம்பிக் என்ற பெயரில் சர்க்கரை நோய்க்காக அமெரிக்கா 2017-இல் அனுமதித்தது. போட்டவர்களுக்கு எடையும் குறைவதைக் கண்டு, கூடுதல் அளவில் வெகோவி என்ற பெயரில் உடற்பருமனுக்கு 2021-இல் அனுமதித்தது. நம் நாட்டில் இதே மருந்து ரைபெல்சஸ் என்ற மாத்திரையாக 2022-இல் வந்தது. டிர்செபடைடு மௌன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், வெகோவி 2025 ஜூனிலும் இங்கே விற்பனைக்கு வந்தன. அறிமுகமானபோது மௌன்ஜாரோவின் மிகக் குறைந்த அளவு ஊசி ஒன்றின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 ரூபாய்.

பலன் உண்மையானதுதான். சர்க்கரை நோய் இல்லாத, உடற்பருமன் உள்ள 1,961 பேரிடம் 68 வாரம் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. செமாகுளுடைடு போட்டவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம் குறைந்தது. இரு தரப்பாருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை வழங்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள, எடை மிகுந்த 17,604 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. ஆகவே இந்த மருந்தைப் பொய் என்றோ ஏமாற்று என்றோ நாங்கள் சொல்ல வரவில்லை. தேவையானவருக்கு, மருத்துவர் கண்காணிப்பில், இது நல்ல மருந்து.

3. யாருக்கு உரியது?

உடல் எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறை குறியீடு. 80 கிலோ எடையும் 1.60 மீட்டர் உயரமும் உள்ளவருக்கு இது சுமார் 31. இந்த ஊசிகள் பொதுவாக, குறியீடு 30-க்கு மேல் உள்ளவர்களுக்கு, அல்லது 27-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நோய் உள்ளவர்களுக்கு என அனுமதிக்கப்பட்டவை. நிகாஹ் புகைப்படத்துக்காக ஐந்து கிலோ குறைக்க நினைக்கும் பிள்ளைக்காக இவை உருவாக்கப்படவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அதனால் இந்தியருக்குக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்றும், 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருப்பது நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். எனவே எடையைப் பற்றிய கவலை நியாயமானதே. அதற்கு எந்த வழியில் தீர்வு தேடுகிறோம் என்பதில்தான் கவனம் தேவை.

4. பக்கவிளைவுகள்

முதலில் பலருக்கும் வருபவை. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், ஏப்பம், நெஞ்செரிச்சல். மேலே சொன்ன ஆய்வில் செமாகுளுடைடு போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல் வந்தது. இதனால்தான் மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்பவர்கள்தான் வாந்தி நிற்காமல் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். வாந்தியும் பேதியும் நீடித்தால் உடலில் நீர் வற்றி சிறுநீரகம் பாதிக்கப்படும்.

அடுத்து, குறைவானவர்களுக்கு வந்தாலும் கடுமையானவை.

கணைய அழற்சி: மேல் வயிற்றில் கடும் வலி, முதுகு வரை பரவும், வாந்தியும் சேரும்.

பித்தப்பைக் கல்: எடை வேகமாகக் குறையும்போது இது வரும் வாய்ப்பு கூடுகிறது. வலது விலா எலும்பின் கீழ் வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல் இதன் அடையாளம்.

கண்: சர்க்கரையால் ஏற்கெனவே விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு, சர்க்கரை திடீரென்று இறங்கும்போது அந்தப் பாதிப்பு மோசமாகலாம். பார்வை நரம்புக்கு இரத்தம் தடைப்பட்டுப் பார்வை போகும் ஒரு நோய், செமாகுளுடைடின் மிக அரிதான பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2025 ஜூனில் அறிவித்தது. பத்தாயிரத்தில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம் என்பது அதன் கணிப்பு.

தைராய்டு: எலிகளிடம் நடந்த சோதனையில் தைராய்டின் ஒரு வகைக் கட்டி காணப்பட்டது. மனிதருக்கும் அப்படி வரும் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் மெடுல்லரி எனப்படும் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இந்த மருந்தைப் போடவே கூடாது.

தசை இழப்பு: குறையும் எடை முழுவதும் கொழுப்பாக இருப்பதில்லை. ஒரு பகுதி தசை. முதியவர்களுக்கு இதனால் நடை தளர்ந்து, விழும் ஆபத்து கூடும். முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவும் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் அவசியம்.

மயக்க மருந்து: இரைப்பை தாமதமாகக் காலியாவதால், அறுவை சிகிச்சையின்போது உணவு மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. சிறிய அறுவை சிகிச்சை என்றாலும் இந்த ஊசி போடுவதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை இறக்கம்: இந்த ஊசி தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தாக இறக்குவது குறைவு. கிளிமிபிரைடு மாத்திரையோடோ இன்சுலினோடோ சேரும்போது இறக்கிவிடும்.

5. புதுமணப் பெண்கள் கவனத்துக்கு

"நிகாஹ் வரைக்கும் போட்டுக்கிட்டு அப்புறம் விட்டுடுறேன்" என்று சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். இதுதான் மிகவும் ஆபத்தான கணக்கு. கர்ப்ப காலத்தில் இந்த மருந்துகள் கூடாது. செமாகுளுடைடு உடம்பிலிருந்து வெளியேற வாரக் கணக்கில் ஆகும். ஆகவே குழந்தை உண்டாவதற்கு இரண்டு மாதம் முன்பாவது நிறுத்த வேண்டும் என்பது மருந்துக் குறிப்பிலேயே உள்ள எச்சரிக்கை. நிகாஹ் நாள் வரை ஊசி போட்டுக்கொண்டு, அடுத்த மாதமே உண்டாகும் பெண்ணின் வயிற்றில் உள்ள கருவோடு அந்த மருந்தும் இருக்கும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. டிர்செபடைடு போடுபவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமலும் போகலாம். பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது.

6. நிறுத்தினால் என்ன ஆகும்?

மேலே சொன்ன 68 வார ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஒரு பகுதியினரை, ஊசியை நிறுத்திய பிறகு ஓராண்டு கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. இரத்த அழுத்தம் போன்றவற்றில் கிடைத்த நன்மையும் பெரும்பாலும் போய்விட்டது. காரணம் எளிது. பசியை மருந்து பிடித்து வைத்திருந்தது. மருந்து போனதும் பசி திரும்பிவிட்டது. இதை நீண்ட காலச் சிகிச்சையாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள். இந்தச் செலவை எத்தனை ஆண்டு தாங்க முடியும் என்பதை முதல் ஊசி போடும் முன்பே குடும்பம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். செமாகுளுடைடின் காப்புரிமைக் காலம் நம் நாட்டில் 2026 மார்ச் வரை மட்டுமே என்பதால் விலை குறைய வழி உண்டு. விலை குறைந்தாலும் இங்கே சொன்ன எச்சரிக்கைகள் குறையாது.

7. பிரான்சில் நடந்தது

சர்க்கரை மருந்தை இளைப்பதற்காகப் போடுவது புதிய பழக்கம் இல்லை. பிரான்சில் மீடியேட்டர் என்ற மாத்திரை 1976 முதல் 2009 வரை விற்பனையில் இருந்தது. எடை மிகுந்த சர்க்கரை நோயாளிகளுக்கு என்று வந்த மருந்து. பசியைக் குறைத்ததால், நோய் இல்லாதவர்களுக்கும் இளைப்பதற்காக எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 50 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அதைப் போட்டவர்களுக்கு இதய வால்வு கெட்டுப்போவதை பிரெஸ்ட் நகரில் பணிபுரிந்த ஐரீன் ஃப்ராஷோன் என்ற நுரையீரல் மருத்துவர் கண்டுபிடித்துப் போராடினார். நூற்றுக்கணக்கானோர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம், அதைத் தயாரித்த செர்வியே நிறுவனம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

இப்போதைய ஊசி வேறு மருந்து. பல ஆயிரம் பேரிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது. மீடியேட்டரோடு அதை ஒன்றாக்கிப் பேசக் கூடாது. ஆனால் ஒரு படிப்பினை பொதுவானது. நோயாளிக்குத் தரும்போது, நோயின் ஆபத்தை ஒரு தட்டிலும் மருந்தின் ஆபத்தை இன்னொரு தட்டிலும் வைத்து மருத்துவர் நிறுக்கிறார். நோயே இல்லாதவர் போடும்போது ஒரு தட்டு காலியாகிவிடுகிறது. மீதியிருப்பது மருந்தின் ஆபத்து மட்டுமே.

8. போலி ஊசியும் இரவல் ஊசியும்

செமாகுளுடைடின் போலிகள் பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023-இல் பிடிபட்டதை அடுத்து, உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. ஆஸ்திரியாவில் 2023-இல் போலி ஓசெம்பிக் போட்டவர்கள் சர்க்கரை இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உள்ளே இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் சந்தேகித்தார்கள்.

நம் ஊரில் வளைகுடாவிலிருந்து வரும் மச்சான் கொண்டு வந்தார், தெரிந்த கடைக்காரர் கொடுத்தார் என்று இந்த ஊசிகள் கைமாறுகின்றன. திறக்காத ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். விமானப் பெட்டியிலும் காரிலும் வெயிலில் கிடந்த ஊசியின் வீரியத்தைப் பார்வையால் அறிய முடியாது. இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஒருவர் போட்ட பேனா ஊசியை, முனையை மாற்றிவிட்டாலும், இன்னொருவர் போடக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி, எச்ஐவி போன்றவை பரவ வழி உண்டு. கணவன் மனைவி, தாய் மகள் என்றாலும் இதே விதிதான்.

9. நோன்புக் காலத்தில்

ரமளானில் எப்படியும் சாப்பாடு குறைவு, அப்போதே ஊசியையும் தொடங்கினால் நன்றாக இளைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நோன்போடு சேர்த்து இந்த ஊசியைத் தொடங்கவோ அளவைக் கூட்டவோ கூடாது. வாந்தியும் பேதியும் வரக்கூடிய காலம் அதுதான். பகல் முழுவதும் தண்ணீர் அருந்தாத உடம்பு அதைத் தாங்காது. ஏற்கெனவே போடுபவர்கள் ரமளானுக்குப் பல வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவை நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரை, இன்சுலின், சிறுநீர் வழி சர்க்கரை இறக்கும் மாத்திரை ஆகியவற்றின் அளவையும் நேரத்தையும் மருத்துவரே மாற்றித் தர வேண்டும்.

நோன்பிருக்கும்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. இஃப்தாருக்கு இன்னும் பத்து நிமிடம்தானே என்று காத்திருக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். ஊசி போடுவது பற்றி ஐயம் இருப்பவர்கள் நமது பள்ளி இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். வாரம் ஒரு முறை போடும் ஊசியை இரவில் போட்டுக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது.

10. அவசரத்தில் செய்ய வேண்டியவை

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், குழப்பம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அடையாளம். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு போட்டவருக்கு ஒரு முறை சரியான பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கலாம். அதனால் வீட்டிலேயே வைத்திருக்காமல் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். என்ன மாத்திரை போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் மருத்துவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.

11. நம்மால் முடிந்த வழி

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். உணவையும் நடைப்பழக்கத்தையும் மாற்றிக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் போட்டவர்களிடம் 26.4 சதவீதம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. நம்மைப் போன்ற உணவை உண்பவர்கள், நம்மைப் போன்ற உடலமைப்பு உள்ளவர்கள் கண்ட பலன் இது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் நடக்கலாம். பெண்கள் நடக்க வசதியாகக் காலையில் இரண்டு மணி நேரம் மதரஸா மைதானத்தை ஒதுக்கித் தர நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் மீனையும் கூட்டலாம். சர்பத், குளிர்பானம், தேநீர்ச் சர்க்கரை ஆகியவற்றைக் குறைத்தாலே பலருக்கு மாற்றம் தெரியும். வலிமா விருந்துக்குப் போய்விட்டு வந்த அன்று இரவு உணவை விட்டுவிடலாம், மாத்திரை போடாதவர்கள் மட்டும். உடல் எடை ஏறுவதற்குத் தைராய்டு குறைபாடு, பிசிஓடி, சில மருந்துகள் போன்ற காரணங்களும் இருக்கும். அதனால் முதலில் ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனையும் மாத்திரையும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நம் நாவையும் சற்று காத்துக்கொள்வோம். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு மாமி விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் ஒரு பிள்ளையைக் குளியலறை வாசலில் விழவைத்தது. பிள்ளையின் உடம்பைப் பற்றிச் சபையில் பேசுவதை நம் குடும்பங்கள் விட்டுவிட வேண்டும்.

அறக்கட்டளையின் முடிவுகள்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நிர்வாகக் குழு கூடி மூன்று முடிவுகளை எடுத்திருக்கிறது. மாதாந்திர மாத்திரை பெறுபவர்கள் இனி காலி அட்டையைக் கொண்டு வந்து காட்ட வேண்டும். முன்னதாகத் தீர்ந்துவிட்டால், குற்றம் சொல்வதற்காக இல்லாமல் காரணம் அறிவதற்காக மட்டும், எங்கள் தொண்டர் தனியாகக் கேட்பார். எடை குறைப்புக்கு மட்டும் என்று கேட்கும் ஊசிக்கு மருத்துவ உதவி நிதியிலிருந்து பணம் வழங்கப்படாது. சர்க்கரை, இதய நோய்க்காக மருத்துவர் எழுதித் தந்திருந்தால் மனு பரிசீலிக்கப்படும்.

வீட்டில் கலந்து பேசுவதற்கு

1. நம் வீட்டில் யார் யார் என்னென்ன மாத்திரை போடுகிறார்கள்? அவற்றில் கணையத்தைத் தூண்டும் வகை எது?
2. அந்த மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? பிள்ளைகளின் கைக்கு எட்டுமா?
3. மருத்துவர் சீட்டு இல்லாமல் யாராவது ஏதாவது போடுகிறார்களா? பயப்படாமல் சொல்ல வீட்டில் இடம் இருக்கிறதா?
4. சர்க்கரை இறங்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? சிறு பிள்ளைக்கும் சொல்லித் தந்திருக்கிறோமா?
5. நம் வீட்டுப் பெண் பிள்ளையின் உடம்பைப் பற்றி நாம் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன?

நம் உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதை அழகுக்காக ஆபத்தில் தள்ளாமலும், சோம்பலால் நோயில் விடாமலும் பேணிக்கொள்ள வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. நோயுற்றிருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்குப் பூரண ஷிஃபாவை அளிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்